அத்தியாயம் 7: மிதிபட்ட எறும்புகள்

செவ்வாய்க்கிழமை பகல் மூன்று மணிக்கு ஜெயசந்திரன் வீட்டில் அடுப்பு எரியவில்லை, டிவி ஓடவில்லை, வாசல் கதவு சாத்தியிருந்தது. ஆரணியில் ஒரு வீடு இப்படி இருந்தால் தெரு சும்மா இருக்குமா? எதிர்வீட்டு அம்மாள் மாடிக்கு வந்து ஒரே துண்டை ஐந்தாவது தடவையாக உதறிக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தத் துண்டு காலையிலேயே காய்ந்துவிட்டது என்பது ஸ்டீவுக்குக் கீழே இருந்தே தெரிந்தது.

"மேடம், அவங்களையும் நம்ம நிலையத்துல சேத்துக்கலாம். சம்பளம்கூட வேணாம்பாங்க" என்றான்.

ஆதிலட்சுமி கதவைத் தட்டினாள். அவள் நடத்தும் துப்பறியும் நிலையம் கோட்டை மைதானத்துக்குப் பின்னால் ஒரு தையல் கடையின் மாடியில் இருந்தது. ஆட்கள் மொத்தம் இரண்டு பேர்: மூளைக்கு ஆதிலட்சுமி, வாய்க்கு ஸ்டீவ். பதினேழு வருஷமாக அங்கே நடந்ததெல்லாம் மாப்பிள்ளை விசாரணைதான். பையன் குடிப்பானா, வேலை உண்மையா, வியாதி வெட்டை உண்டா என்று பெண் வீட்டார் கேட்பார்கள். இவள் விசாரித்து ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பாள். காணாமல் போன ஆளைத் தேடுவது இதுதான் முதல் தடவை. அதிலும் நாலு நாள் ஓடிவிட்டது, ஒரு துரும்பும் கிடைக்கவில்லை.

காணாமல் போனவன் ஜினேஷ், இருபத்திரண்டு வயது. நெல் மண்டி ஜெயசந்திரனின் ஒரே மகன். மகன் இன்ஜினியரிங் பட்டம் வாங்குவதைப் பார்க்க, பதினெட்டுப் பேர் உட்காரும் வேனை வெள்ளிக்கிழமை பேசி முடித்தார் அப்பா. சனிக்கிழமை விடிந்தபோது மகன் இல்லை. தலையணை மேல் ஒரு சீட்டு இருந்தது. 'பட்டம் வராது. ஏழு பேப்பர் பாக்கி. என்னைத் தேடாதீங்க.' அந்தப் பதினெட்டுப் பேரில் யார் எங்கே வாய்விட்டார்களோ, சனிக்கிழமை மத்தியானத்துக்குள் ஏழு பேப்பர் என்பது சந்தையில் பதினேழாகிவிட்டது. போலீசில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். படவேட்டில் யாரோ பார்த்ததாகச் சொன்னதைக் கேட்டு, அதே வேனை எடுத்துக்கொண்டு அப்பா காலையில் போனவர் இன்னும் திரும்பவில்லை.

கூடத்தில் சக்ரேஸ்வரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் மகளின் கைபேசி. நாலு நாளாக அதை அவள் கீழே வைக்கவில்லை.

'மாறு ஓடு' என்ற விளையாட்டு அது. அதில் ஓடுகிறவனுக்கு வழியெல்லாம் தடை. சுவர் வந்தால் பல்லியாக மாறி ஏற வேண்டும், குளம் வந்தால் நீர்நாயாகி நீந்த வேண்டும், முள்வேலி வந்தால் செதில் மூடிய அழுங்காகச் சுருண்டு உருள வேண்டும், பள்ளம் வந்தால் தவளையாகித் தாவ வேண்டும். ஒவ்வொரு மாற்றமும் சில நொடிதான் நிற்கும். ஜினேஷ் இதில் பெரிய கை. அவன் ஆடும்போதெல்லாம் தங்கை நிஷாவின் கைபேசியில் அவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். செய்தி அனுப்பினால் பதில் இல்லை, கூப்பிட்டால் எடுப்பதில்லை. ஆனால் புள்ளி மட்டும் தினமும் எரிந்தது.

"எரியுதுங்க" என்றாள் சக்ரேஸ்வரி, தலை நிமிராமல். "காலையில எட்டு மணிக்கு எரிஞ்சுது. இப்பவும் எரியுது. எங்கியோ நல்லா இருக்கான். ஊசிகூட எங்கியோ வாங்கிப் போட்டுகினுதான் இருக்கான்."

"இன்னா ஊசி?" என்றாள் ஆதிலட்சுமி.

சக்ரேஸ்வரியின் வாய் சட்டென்று மூடிக்கொண்டது. நிஷா அம்மாவைப் பார்த்தாள். அந்த வீட்டில் யாரும் வெளியே சொல்லக் கூடாத ஒன்று வெளியே வந்துவிட்டது என்பது அந்தப் பெண்ணின் முகத்திலேயே எழுதியிருந்தது.

"சொல்லும்மா" என்றாள் நிஷா. "இன்னும் இன்னாத்துக்கு மறைச்சிகினு?"

"சக்கரைங்க அவனுக்கு" என்றாள் அம்மா, சுவருக்குக்கூடக் கேட்காத குரலில். "பதினாலு வயசுலேர்ந்து. தெனம் நாலு வேளை இன்சுலின் போடணும். வெளிய தெரிஞ்சா யாருங்க பொண்ணு குடுப்பாங்க?"

ஸ்டீவ் தொண்டையைச் செருமினான். "மேடம், போன ஆவணியில இந்தப் பையனப் பத்தித் திருப்பத்தூர் பார்ட்டிக்கு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க? 'பையன் பூரண ஆரோக்கியம்'னு?"

"வாய மூடு."

"பூரணத்துக்கு அடியில கோடுகூடப் போட்டீங்க."

ஆதிலட்சுமியின் காது மடல் சிவந்தது. ஆனால் அவள் விட்டுவிடவில்லை. "எத்தினி நாளுக்கு மருந்து எடுத்துகினு போனான்?"

"ஊசிப் பேனாவுல மீதி இருந்தது மட்டுந்தான். ஞாயித்துக்கிழமை ராத்திரியே தீந்திருக்கும். அது இல்லன்னா ரெண்டு நாளு தாங்கறதே கஷ்டம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. ஆனா புள்ளி எரியுதே! உடம்பு முடியாதவன் இப்படி ஆடுவானா? அதான் நான் தைரியமா இருக்கேன்."

ஆதிலட்சுமி அவள் கையிலிருந்து கைபேசியை மெல்ல எடுத்தாள்.

"நிஷா, இவன் ஆடினத மறுபடி போட்டுப் பாக்க முடியுமா?"

"முடியும் ஆன்ட்டி. எல்லா ரேஸும் ரீப்ளே இருக்கும். அண்ணன் மைக்க அணைக்கவே மாட்டான், அதனால சத்தமும் வரும்."

முதலில் சனிக்கிழமை ஓட்டம். திரையில் ஒரு சின்ன உருவம் ஓடியது, சுவரில் பல்லியாகி ஏறியது, குதித்தது. பாதையின் குறுக்கே வரிசையாக எறும்புகள் போய்க்கொண்டிருந்தன. உருவம் தவளையாகி அந்த வரிசையைத் தாண்டியது.

"எறும்பு மிதிச்சா மார்க் கொறையுமா?" என்று கேட்டாள் ஆதிலட்சுமி.

"ஒண்ணும் ஆகாது ஆன்ட்டி. அது சும்மா படம். எல்லாரும் மிதிச்சிகினுதான் ஓடுவாங்க. அண்ணன்தான் தாண்டுவான். பொம்மை எறும்பா இருந்தாலும் கால் வைக்க மனசு வராதும்பான். இதுல தவளைய வீணாக்கிட்டு, பெரிய பள்ளம் வரும்போது தவளை இல்லாம உள்ள விழுவான். ரெண்டு தடவ மாவட்டப் போட்டியில இப்படித்தான் தோத்தான்."

"சமண வீட்டுத் தவளை" என்றான் ஸ்டீவ்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்திலும் எறும்பு தப்பித்தது. திங்கள் மத்தியானமும் தப்பித்தது. ஆனால் அந்த மத்தியான ஓட்டத்தில் உருவம் இரண்டு முறை சுவரில் மோதியது. ஒரு முறை நடுப்பாதையில் அப்படியே நின்றது, தூங்கி விழுந்தவனைப் போல.

திங்கள் சாயந்திரம் ஆறு மணி ஓட்டத்தைப் போட்டாள் நிஷா. உருவம் விறுவிறுவென்று ஓடியது. சுவர் ஏறியது. எறும்பு வரிசை வந்தது. மிதித்துக்கொண்டு போயிற்று.

அடுத்த ஓட்டத்திலும் அப்படியே. இன்று காலை எட்டு மணிக்கும், இதோ கால் மணி நேரத்துக்கு முன்னால் முடிந்த ஓட்டத்திலும் வரிசை வரிசையாக எறும்புகள் காலடியில் போயின.

"இது எம்புள்ள இல்ல" என்றாள் சக்ரேஸ்வரி.

அவள் அழுவாள் என்று ஸ்டீவ் எதிர்பார்த்தான். அவள் அழவில்லை. இரண்டு கையாலும் ஆதிலட்சுமியின் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப அவன் எங்கங்க? நேத்து சாயந்திரத்துலேர்ந்து வேற யாரோ ஆடறாங்கன்னா அவன் எங்க? நான் நல்லா இருக்கான்னு இதப் பாத்துகினு உக்காந்திருந்தேனே! ஒரு நாளு போயிடுச்சேங்க!"

ஸ்டீவின் நாக்கு சும்மா இருந்தது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை என்று வைத்துக்கொள்ளலாம்.

"திங்கக்கிழமை மத்தியானம் இருக்கே, அத மறுபடி போடு" என்றாள் ஆதிலட்சுமி. "சத்தத்த ஏத்தி வை. கண்ண மூடிகினு கேளுங்க எல்லாரும்."

நிஷா போட்டாள். விளையாட்டின் டமடமவென்ற இசைக்கு அடியில் வேறொரு சத்தம் இருந்தது. டக்... டக்-டக். டக்... டக்-டக்.

"இது இன்னா சத்தம்?"

"தறி மேடம்" என்றான் ஸ்டீவ். "ஆரணியில பொறந்து வளந்துட்டு தறிச் சத்தத்தக் கேட்டு இது இன்னான்னு கேட்ட மொத ஆளு நீங்கதான். தறிச் சத்தம் கேக்காத எடம் வேணும்னா கெணத்துக்குள்ளதான் எறங்கணும்."

"கைத்தறியா, பவர்லூமா?"

"கைத்தறி. நடுவுல நிக்குது பாருங்க. இழை அறுந்திருக்கும், கட்டிட்டு மறுபடி ஓட்டறாங்க. பவர்லூம்னா மூச்சு விடாம அடிக்கும்."

"நேத்து இன்னா நாளு?"

"திங்கக்கிழமை."

"கிழமைய கேக்கலப்பா."

ஸ்டீவ் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தான். திங்கள் கட்டத்தில் கறுப்பு வட்டம். அமாவாசை.

வெளியூர்க்காரர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. ஆரணியில் அமாவாசையன்று கைத்தறிக்காரர் தறியில் உட்கார மாட்டார். கல்யாணப் புடவை பாதியில் நின்றாலும் சரி, முதலாளி வாசலில் வந்து நின்றாலும் சரி. மாசத்தில் அந்த ஒரு நாள் தெருத் தெருவாக டக் டக் சத்தம் அடங்கிவிடும்; காது கேட்காமல் போய்விட்டதோ என்று சந்தேகம் வரும். அன்றைக்கு ஒரு தறி ஓடியிருக்கிறது.

"ஞாயித்துக்கிழமைய போடு" என்றாள் ஆதிலட்சுமி. போட்டார்கள். விளையாட்டின் இசையைத் தவிர ஒன்றுமில்லை. "சனிக்கிழமை?" அதில் டக் டக் இருந்தது.

"சனிக்கிழமை ஓடுது, ஞாயித்துக்கிழமை லீவு, அமாவாசைக்கு லீவு இல்ல. இது யாரு வீட்டுத் தறி, ஸ்டீவ்?"

ஸ்டீவ் வாயைத் திறப்பதற்குள், நிஷா மறுபடி போட்ட திங்கள் ஓட்டத்தில் தறி நின்றது. திங்கள் மத்தியானம் மணி பன்னிரண்டு. ஒரு பெண்ணின் முணுமுணுப்பு, தூரத்தில், சொற்கள் தெளிவில்லாமல், ஏறி இறங்கி வந்தது. தூக்கத்தில் கேட்டாலும் தெரிந்துவிடும் அந்த ஏற்ற இறக்கம்: மாதா கோயில்காரர்கள் சொல்லும் பன்னிரண்டு மணி செபம். ஸ்டீவின் உதடு அவனைக் கேட்காமலேயே கூடச் சேர்ந்து அசைந்தது.

ஆதிலட்சுமி கைபேசியைப் பார்க்கவில்லை. அவன் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க சபையில கைத்தறி வச்சிருக்கிறவங்க எத்தினி வீடு?"

"நாலு வீடு மேடம்." ஸ்டீவ் விரல்விட்டு எண்ணினான். "மூணுல ஆம்பளைங்க நெய்யறாங்க. பொம்பளை தறியில உக்காருறது ஒரே வீடு. சேவூர்ல, மாதா கோயில் தெருவுல. எங்க சித்தி சூசைமேரி வீடு."

இதைச் சொல்லிவிட்டு அவன் கீழே உட்கார்ந்தான். காரணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அதே சித்தி வீட்டில்தான் அவன் வஞ்சிர மீன் குழம்பு சாப்பிட்டான். இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டு, காணாமல் போன பையனின் கதையை ஒன்றுவிடாமல் சொன்னான். சித்தி மகள் பிரிஸில்லா கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். "அவங்க அம்மா ரொம்ப அழறாங்களாண்ணா?" என்றுகூடக் கேட்டாள். துப்பறிகிறவன் மீன் முள்ளைக் கவனமாகப் பிரித்துக்கொண்டிருந்தபோது, துப்பு சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தது.

"போன் போடு" என்றாள் ஆதிலட்சுமி.

சித்திக்கு மணி போனது, எடுக்கவில்லை. தறியில் உட்கார்ந்துவிட்டால் அவளுக்கு இடி விழுந்தாலும் கேட்காது. பிரிஸில்லாவுக்குப் போட்டான். இரண்டு முறை மணி அடித்து, வெட்டப்பட்டது. மறுபடி போட்டான். மறுபடியும் வெட்டு.

நிஷாவின் கைபேசியில் பச்சைப் புள்ளி எரிந்தது.

"ஆடிகினு இருக்கா" என்றான் ஸ்டீவ். "ரேஸ் நடுவுல எடுக்க மாட்டா."

"நிஷா, நூத்தியெட்டுக்குப் போன் போட்டு சேவூர் மாதா கோயில் தெருன்னு சொல்லு. அம்மா, மருந்து எங்க?"

சக்ரேஸ்வரி ஏற்கனவே குளிர்பெட்டியைத் திறந்துவிட்டாள். 'நெய்' என்று எழுதி ஒட்டிய டப்பாவில்தான் எட்டு வருஷமாக அந்த வீட்டு இன்சுலின் இருந்தது. டப்பாவோடு எடுத்து, சர்க்கரை பார்க்கும் மீட்டரை மடியில் செருகிக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் ஸ்டீவின் வண்டியில் ஏறினாள்.

"பின்னால ஆட்டோவுல வரேன்" என்று கத்தினாள் ஆதிலட்சுமி. "நீ பேசாம ஓட்டு!"

மாடியில் துண்டு உதறுவது நின்றிருந்தது.

பேச வேண்டும் என்றாலும் ஸ்டீவால் முடிந்திருக்காது. காந்தி சாலையில் பட்டுக்கடை வாசல்களில் கல்யாண வீட்டுக் கார்கள் இரண்டு வரிசையாக நின்றன. நெல் மூட்டை லாரி ஒன்று திரும்ப முடியாமல் திரும்பிக்கொண்டிருந்தது. அவன் சந்து சந்தாகப் புகுந்தான். பின்னால் உட்கார்ந்தவள் அவன் தோளைப் பிடித்த பிடியில் நகம் சட்டைக்குள் இறங்கியது. "போப்பா, போப்பா, போப்பா" என்று ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டே வந்தாள். சேவூர் வர பதினைந்து நிமிஷம் ஆகும். அவன் எட்டு நிமிஷத்தில் போனான். அந்த எட்டில் ஒவ்வொன்றும் அன்று தான் மீன் முள் பிரித்த நேரத்துக்குத் தண்டனை என்று அவனுக்குப் பட்டது.

வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. வாசற்படியில் பிரிஸில்லா உட்கார்ந்து, இரண்டு கட்டை விரலாலும் திரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது ஜினேஷின் கைபேசி. அவளுடையது பக்கத்தில் குப்புறக் கிடந்தது.

"எங்க அவன்?" என்று ஸ்டீவ் கத்தினான்.

அவள் எழுந்தாள். முதலில் அண்ணனைப் பார்த்தாள், பிறகு அவன் பின்னால் வெறுங்காலோடு நின்ற பெண்ணைப் பார்த்தாள். யாரென்று கேட்கவில்லை. "பாவு ரூம்புல... உள்ள" என்றாள்.

சக்ரேஸ்வரி உள்ளே ஓடினாள்.

தறி நின்றது. சூசைமேரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். "ஸ்டீவா? நாளைக்கு நானே அனுப்பிடலாம்னுதான் இருந்தேம்பா. நாளையோட அந்தப் பட்டம் குடுக்கற நாளு போயிடும், அப்புறம் தானே வீட்டுக்குப் போறேன்னு கால்ல விழுந்தான் அந்தப் புள்ள. பிரிஸில்லாவுக்கு அந்த வெளையாட்டுல பழக்கமான புள்ளப்பா. நேத்துலேர்ந்து ஒரே வாந்தி. சூடு புடிச்சிருக்கு. வேளாவேளைக்கு குளுக்கோஸ் கரைச்சுக் குடுத்துகினுதான் இருக்கேன்."

"எத்தினி குளுக்கோஸ் சித்தி?"

"ரெண்டு டப்பா ஆயிடுச்சு. தண்ணி தண்ணின்னு கேக்கறானேப்பா, வெறுந்தண்ணியா குடுக்க முடியும்?"

"அவனுக்குச் சக்கரை வியாதி சித்தி."

சூசைமேரி நெஞ்சில் சிலுவை போட்டாள். போட்ட கை அங்கேயே நின்றுவிட்டது. "ஒரு வார்த்த சொல்லலியே அவன்! சாமி மேல சத்தியமா ஒரு வார்த்த சொல்லல!"

"சொல்லிப் பழக்கமில்ல அவங்களுக்கு" என்றான் ஸ்டீவ்.

"நீ எதுக்குடி ஆடின?" என்று அவன் பிரிஸில்லாவின் பக்கம் திரும்பினான். "அவன் அங்க சுருண்டு கெடக்கறான், நீ எதுக்கு அவன் பேர்ல ஆடின?"

பிரிஸில்லா அழுதுகொண்டே அவனைப் பார்த்த பார்வையில் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. "நீதானண்ணா சொன்ன? அவங்க அம்மா பச்சைப் புள்ளியப் பாத்துதான் உசுரோட இருக்காங்க, அது அணைஞ்சா அவங்களும் போயிடுவாங்கன்னு நீதான சோறு தின்னுகினே சொன்ன? நேத்து சாயந்திரம் அவனால போனத் தூக்க முடியல. அதான் நான் ஆடினேன். ராத்திரி ரெண்டு மணிவரைக்கும் ஆடினேண்ணா."



உள்ளே தறிக்கு ஏற்றும் பாவு நூல் சுற்றிய கட்டைகளுக்கு நடுவில் பாயில் ஜினேஷ் கிடந்தான். உதடு வெடித்திருந்தது. ஓடி வந்தவனைப் போல மூச்சு ஆழமாக வாங்கியது. அதில் அழுகின பழத்தின் வாடை. சக்ரேஸ்வரி அவன் விரலைக் குத்தி ரத்தத்தை மீட்டரில் தொட்டாள். மீட்டர் எண் காட்டவில்லை. அளக்கிற எல்லைக்கு மேல் போயிருந்தது. அவசரத்துக்கென்று டாக்டர் என்றைக்கோ சொல்லி வைத்த அளவை அவள் கை தானே ஊசிப் பேனாவில் திருகி, வயிற்றில் குத்தியது.

"ஜினேஷு. அம்மாடா. ஏழு பேப்பர்தானடா? எழுது, எழுதாம போ. கண்ணத் தொற."

அவன் திறக்கவில்லை. தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது, அதன் பின்னாலேயே ஆதிலட்சுமியின் ஆட்டோவும்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு வாசல் நிரம்பி வழிந்தது. தள்ளுவண்டி உள்ளே நுழையும்போது நர்ஸ் தாளும் பேனாவுமாக எதிரே வந்தாள். "இன்னாம்மா கேஸு? வாந்தியா? பையனுக்கு சுகர், பிரஷர் எதுனா இருக்குதா?"

சக்ரேஸ்வரியின் பார்வை பெஞ்சுப் பக்கம் போனதை ஸ்டீவ் பார்த்தான். மண்டியில் மூட்டை எடை போடும் ஆள் அங்கே இருந்தான். ஜினாலயத்தில் அவள் பக்கத்தில் உட்காரும் துர்கா, மாவுக்கட்டுப் போட்ட புருஷனோடு இருந்தாள். அந்த துர்காவின் நாத்தனார் பெண்ணுக்குத்தான் ஜினேஷின் ஜாதகம் போயிருந்தது. இருவரும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டு வருஷமாக இந்தக் கேள்விக்கு அவள் வைத்திருந்த பதில் 'அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க.'

ஆதிலட்சுமி முந்திக்கொண்டு வாயைத் திறந்தாள். சக்ரேஸ்வரி அவளைக் கையால் ஒதுக்கினாள்.

"சக்கரை!" என்றாள். அந்தக் குரல் மருந்து வாங்கும் வரிசைவரைக்கும் போயிற்று. "எம்புள்ளைக்குச் சக்கரை! எட்டு வருஷமா இன்சுலின் போடறோம்! ரெண்டு நாளா ஊசி இல்ல, குளுக்கோஸ் வேற குடிச்சிருக்கான். மீட்டர்ல நம்பரே வரல. ஜல்தியா டாக்டர கூப்பிடுங்கம்மா!"

நர்ஸ் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு வண்டியை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

உப்புத்தண்ணீர் பாட்டில் ஒன்று காலியாகி, இரண்டாவது பாதியாகியிருந்தது. ஸ்டீவ் கதவோரம் நின்றான். இளம் டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். எந்த வயசில் வந்தது, என்ன மருந்து, எத்தனை அளவு. சக்ரேஸ்வரி குரலைத் தாழ்த்தாமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். திரைக்கு அந்தப் பக்கம் பெஞ்சு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது.

கட்டிலில் உதடு அசைந்தது.

"அம்மா..."

அவள் குனிந்தாள்.

"மெதுவா பேசும்மா. வெளிய எல்லாருக்கும் கேக்குது."

"கேக்கட்டும்டா" என்றாள் சக்ரேஸ்வரி. அவன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு டாக்டர் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து, இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்ல ஆரம்பித்தாள்.